மூன்று தராசுகளும் ஒரு கேள்வியும்

வெள்ளவத்தை காலி வீதியில் உள்ள ஒரு கடையில், மாலை வேளையொன்றில், காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மூன்று தராசுகளின் மீது ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கினேன். முதலாவது, முள் சுழலும் பழைய பாணி வில்தராசு. அது 68 கிலோ என்றது. இரண்டாவது, கண்ணாடித் தட்டின் மேல் எண்கள் ஒளிரும் மின்னணுத் தராசு. அது 70.2 என்றது. மூன்றாவது, உடலிலுள்ள கொழுப்பையும் நீரையும்கூடச் சொல்லிவிடுவதாகப் பெட்டியில் எழுதப்பட்ட விலையுயர்ந்த தராசு. அது 69.5 என்றது.

"எது தம்பி சரி?" என்று கடைக்காரப் பையனைக் கேட்டேன். "எல்லாம் சரிதான் ஐயா, உங்களுக்கு எது பிடிச்சிருக்கோ அதை எடுங்கோ" என்றான்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு இந்தப் பதில் போதவில்லை. ஒரு சம்பவத்துக்கு மூன்று சாட்சிகள் மூன்று விதமாகச் சொன்னால், பிடித்த சாட்சியத்தை எடுத்துக்கொண்டு செய்தி எழுத முடியுமா? வெறுங்கையுடன் வீடு திரும்பினேன்.

வீண் ஆசைக்காகத் தராசு வாங்கப் போனவன் அல்லன் நான். என் இருதயத்தின் இறைக்கும் வலு குறைந்திருப்பதாக வைத்திய நிபுணர் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. மருந்துச் சிட்டையை எழுதி முடித்த பின் அவர் தலை நிமிர்ந்து, "ஒரு தராசு வாங்குங்கோ. காலையில் எழும்பினவுடன், ஒவ்வொரு நாளும் நிறை பார்த்து எழுதுங்கோ. மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் உடனே எனக்குச் சொல்லுங்கோ. அது சாப்பாட்டுச் சதை இல்லை, நீர்" என்றார். மூச்சு வாங்குவதற்கும் கால் வீங்குவதற்கும் முன்னரே தராசு அதைக் காட்டிவிடக்கூடும் என்பது அவர் விளக்கம். எனவே, எந்தத் தராசு உண்மை பேசுகிறது என்பது எனக்கு ஏட்டுக் கேள்வி அன்று.

தமிழகத்தார் எடை என்பதை நாம் நிறை என்போம். மனிதன் தன் நிறையைத் தானே பார்க்கும் வழக்கம் எப்போது தொடங்கியது என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடல் தந்த விடைதான் இக்கட்டுரை.

மனிதனைத் தராசில் ஏற்றுவது நமக்குப் புதிதன்று. துலாபாரம் நம் மண்ணின் பழைய வழக்கம். இராஜராஜ சோழன் திருவிசலூர்க் கோயிலில் துலாபாரம் செய்ததைக் கல்வெட்டு கூறுகிறது. முகலாயப் பேரரசர்கள் இவ்வழக்கத்தைத் தமதாக்கிக்கொண்டனர். 1617இல் மாண்டு நகரில் ஜஹாங்கீர் பொன்னுக்கும் வெள்ளிக்கும் துணிக்கும் தானியத்துக்கும் எதிராக நிறுக்கப்பட்டதை ஆங்கிலத் தூதர் சேர் தோமஸ் ரோ நேரில் பார்த்து எழுதிவைத்தார். பொருள்கள் யாவும் பைகளில் கட்டப்பட்டிருந்ததால் உள்ளே இருந்தவை கூழாங்கற்களாகவும் இருக்கலாம் என்று ஐயுற்றார் அத்தூதர். நல்ல நிருபருக்குரிய கண் அவருக்கு இருந்தது!

ஆனால் இங்கெல்லாம் அரசன் எத்தனை நிறை என்பதை அறிவது நோக்கமன்று. எவ்வளவு கொடுப்பது என்பதற்கு அவன் உடல் ஒரு படிக்கல்லாக இருந்தது, அவ்வளவே. உடலையே அறிவதற்காக அதனை நிறுத்த மனிதர் அதே காலத்தில் இத்தாலியில் வாழ்ந்தார்.

அவர் பெயர் சாந்தோரியோ. 1561இல், இன்று சுலோவேனியாவில் உள்ள கோப்பர் என்னும் துறைமுக நகரில் பிறந்தவர். பாதுவா பல்கலைக்கழகத்தில் 1611 முதல் 1624 வரை மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். பெரிய நிறைகோல் ஒன்றிலிருந்து ஒரு நாற்காலியைத் தொங்கவிட்டு அதில் அமர்ந்தார். உண்ணும் முன் நிறுத்தார், உண்ட பின் நிறுத்தார். உணவையும் நீரையும் நிறுத்தார். கழிவுகளையும் விடாது நிறுத்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இதைச் செய்ததாகக் கூறினார். உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் கணக்கு ஒத்துவரவில்லை. ஒருநாளில் எட்டு இறாத்தல் உணவும் பானமும் உட்சென்றால், அதில் ஐந்து இறாத்தல் அளவு கண்ணுக்குத் தெரியாமலே உடலைவிட்டுப் போய்விடுகிறது என்று கண்டார். தோலாலும் மூச்சாலும் வெளியேறும் அந்த இழப்புக்கு உணரப்படாத வியர்வை என்று பெயர். 1614இல் அவர் வெளியிட்ட சிறு நூல் ஐரோப்பா முழுவதும் பல பதிப்புகள் கண்டது.

வெனிஸில் அந்நூல் வெளிவந்து மூன்றே ஆண்டுகளில்தான் மாண்டுவில் ஜஹாங்கீர் தராசில் ஏறினார் என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். ஒருவர் கொடுப்பதற்காக ஏறினார்; மற்றவர் அறிவதற்காக ஏறினார். சாந்தோரியோவின் முறையில் இன்னொரு சிறப்பும் உண்டு. அவர் தம் நிறையை வேறெவருடைய நிறையுடனும் ஒப்பிடவில்லை. இன்றைய தம்மை நேற்றைய தம்முடன் ஒப்பிட்டார். இந்தச் செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்த காட்சி இலண்டன். சென்ற் ஜேம்ஸ் வீதியில் 1698இல் தொடங்கப்பட்ட ஒரு மளிகைக் கடை, பின்னாளில் பெரி பிரதேர்ஸ் அன்ட் ரட் என்ற பெயருடைய வைன் வணிக நிலையமாகியது. அங்கே கோப்பி மூட்டைகளை நிறுக்கும் பெருந்தராசு ஒன்று இருந்தது. 1765 முதல் கனவான்கள் அதில் ஏறி அமர்ந்து தம் நிறையைப் பார்த்து, கடைப் பேரேட்டில் பதிந்துவிட்டுப் போகலாயினர். கவிஞர் பைரன் 1806இல் அங்கு நிறுக்கப்பட்டபோது 13 ஸ்ரோன் 12 இறாத்தல், அதாவது இன்றைய கணக்கில் 88 கிலோ. தடித்துவிடுவோமோ என்ற அச்சம் அவரை வாழ்நாள் முழுவதும் வாட்டியது. பிஸ்கற்றும் சோடாவும், வினாகிரி ஊற்றிய உருளைக்கிழங்கும் உண்டு உடலை வருத்திப் பெரிதும் இளைத்தார். சாந்தோரியோவின் தராசு அறிவைத் தந்தது. பைரனுக்குக் கிடைத்ததோ அச்சம். தராசு ஒன்றுதான், ஏறுகிறவனின் கேள்விதான் வேறு.

கோப்பித் தராசை எவரும் குளியலறையில் வைக்க முடியாது. அது வீட்டுக்குள் வர இரண்டு பொறிகள் தேவைப்பட்டன. ஒன்று சுருள்வில். இழுக்கும் விசைக்கு ஏற்ப வில் நீளும் என்ற விதியை இங்கிலாந்தின் ரொபேட் ஹூக் 1676இல் எழுத்துகளைக் குலைத்த ஒரு புதிராக ஒளித்து வெளியிட்டு, 1678இல் விடையை அவிழ்த்தார். மற்றையது நெம்புகோல் தொகுதி. அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்தில், சணல் ஏற்றிய வண்டிகளைத் தூக்கித் தொங்கவிட்டு நிறுக்கும் தொல்லையைப் போக்க, தடியஸ் ஃபெயார்பாங்ஸ் என்பவர் 1831இல் மேடைத் தராசுக்குக் காப்புரிமை பெற்றார். மேடையின் கீழுள்ள நெம்புகோல்கள் பெருஞ்சுமையைச் சிறு விசையாகக் குறைத்துக் கொடுத்தன. வண்டி நிறுத்த இந்த ஏற்பாட்டைச் சுருக்கி, அதன் நுனியில் ஹூக்கின் சுருள்வில்லைப் பூட்டினால் கிடைப்பதுதான் முள் சுழலும் வீட்டுத் தராசு.

எனினும், வீட்டுக்குள் வருமுன் அது வீதியில் நின்றது. 1880களில் காசு போட்டு நிறை பார்க்கும் பொறிகள் மேல்நாட்டுப் புகையிரத நிலையங்களிலும் கடைத்தெருக்களிலும் தோன்றின. நம்மவர் பலருக்கு இந்தியப் புகையிரத நிலையங்களில் அதன் அறிமுகம் கிட்டியிருக்கும். 1976இல் தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேஸ்வரம் போய், அங்கிருந்து ரயிலில் சென்னை எழும்பூரில் இறங்கிய இளைஞனாகிய நான், வண்ண விளக்குகள் மினுங்கிய அப்பொறியில் ஏறிக் காசு போட்டேன். விழுந்த சிறு அட்டையின் ஒரு பக்கத்தில் நிறை, மறுபக்கத்தில் எதிர்காலப் பலன். பலனை மூன்று முறை வாசித்தேன். நிறை எத்தனை என்று இன்று நினைவில்லை. அந்த வயதில் உடல் ஒரு செய்தியே அன்று.

1920களில் அமெரிக்க வீடுகளின் குளியலறைகளுக்குள் தராசு பரவலாக நுழைந்தது. அதற்குச் சற்று முன், 1918இல், லூலு ஹன்ற் பீற்றர்ஸ் என்ற பெண் மருத்துவர் கலோரிகளை எண்ணி உண்ணும் முறை பற்றி எழுதிய நூல் அங்கு பெருமளவில் விற்பனையாகியது. பொது இடத்தில், பலர் முன்னிலையில், உடுத்த உடையோடு நடந்த ஒரு விளையாட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு தனியே செய்யும் தினசரி விசாரணையாக மாறியது.

விசாரணைக்கு ஒரு சட்டப் புத்தகம் வேண்டாமா? அதைக் கொடுத்தவை காப்புறுதி நிறுவனங்கள். மெற்றோபொலிற்றன் லைஃப் என்ற அமெரிக்க நிறுவனம் 1942, 1943ஆம் ஆண்டுகளில் இன்ன உயரத்துக்கு இன்ன நிறையே இலட்சிய நிறை என்ற அட்டவணைகளை வெளியிட்டது. 1959இல் அவற்றைத் திருத்தியது. காப்புறுதி எடுத்தவர்களில் யார் நீண்டநாள் வாழ்ந்தார்கள் என்ற கணக்கிலிருந்து பிறந்தவை அவை. காப்புறுதி எடுக்க வசதியுள்ள அமெரிக்கரின் கணக்கு, உலகம் முழுவதும் உள்ள வைத்தியசாலைச் சுவர்களில் உடலின் நீதியாகத் தொங்கியது.

இன்று பேசப்படும் உடல் நிறைச் சுட்டெண்ணின் கதையும் இத்தகையதே. நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கு, பெல்ஜிய வானியலாளரும் புள்ளியியலாளருமான அடொல்ஃப் கெற்றலே 1830களில் கண்டது. சராசரி மனிதனைத் தேடியவர் அவர். நோயாளியைத் தேடியவர் அல்லர். 1972இல் அமெரிக்க உடலியலாளர் அன்சல் கீஸ் அந்தக் கணக்குக்கு இன்றைய பெயரைச் சூட்டினார். மக்கள் தொகுதிகளை ஆராய ஏற்ற கருவியாகவே அவர் அதைக் கண்டார். 25க்கு மேல் போனால் மிகை நிறை என்ற எல்லை நம்மவர்க்குப் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது. ஆசிய மக்களில் பலருக்கு அதற்குக் கீழேயே நீரிழிவும் இருதய நோயும் தலைகாட்டுவதால், 23ஐயும் 27.5ஐயும் எச்சரிக்கைப் புள்ளிகளாகக் கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் கூறியது. அட்டவணை பயனற்றது என்பது என் வாதமன்று. ஆனால், அது ஊரின் கணக்கு. உங்கள் உடலின் கதை அதற்குத் தெரியாது.

இதை எனக்குக் கற்பித்தவர் ஒரு மருத்துவ மாது.

1995 இறுதியில், வலிகாமத்து மக்கள் ஓரிரவில் பெயர்ந்து செம்மணி வெளியைக் கடந்து போன பின்னர், தென்மராட்சியில் ஒரு பாடசாலையில் தங்கியிருந்தவர்களைப் பற்றிச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். முற்றத்து வேப்பமரக் கிளையில் வட்ட முகமுள்ள வில்தராசு ஒன்று தொங்கியது. அதன் கொளுவியில், கால்சட்டை போன்ற துணிப்பையில் குழந்தைகளை ஒவ்வொன்றாக மாட்டி நிறுத்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. அழுத குழந்தைகளுக்கிடையே அழாத ஒரு குழந்தை. தராசு காட்டிய எண்ணைக் குறித்துக்கொண்டு, "இந்தப் பிள்ளை பரவாயில்லை, இல்லையா அம்மா?" என்றேன். மற்றப் பிள்ளைகளைவிட அது நிறை கூடியதாகத்தான் இருந்தது.

அவர் குழந்தையின் தாய் கையோடு கொண்டுவந்திருந்த நிறை அட்டையை விரித்துக் காட்டினார். "தம்பி, இண்டைய எண்ணை மட்டும் பார்க்காதேயுங்கோ. போன மாத எண்ணைப் பாருங்கோ. கோடு கீழே போகுது. எனக்கு இந்தப் பிள்ளையைத்தான் பயம்."

வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்கள் எதையெதை விட்டுவந்தார்கள் என்று நான் அதுவரை எழுதிக்கொண்டிருந்தேன். அந்தத் தாய் நிறை அட்டையை விட்டுவரவில்லை. பிரித்தானிய மருத்துவர் டேவிட் மோர்லி நைஜீரியக் கிராமங்களில் பணியாற்றியபோது பரப்பிய முறையின் வழிவந்தது அவ்வட்டை. கோட்டில் புள்ளி எங்கே நிற்கிறது என்பதைவிட, கோடு எத்திசையில் செல்கிறது என்பதே முக்கியம் என்பது அதன் அடிப்படை. பாதுவாப் பேராசிரியரின் முறையும் இதுதான் என்று அன்று எனக்குத் தெரியாது.

இத்தனையும் தெரிந்துகொண்ட பின் மீண்டும் அக்கடைக்குப் போனேன். இம்முறை என் கேள்வி மாறியிருந்தது. எது சரியான நிறையைக் காட்டுகிறது என்று கேட்கவில்லை. எது சொன்னதையே திரும்பச் சொல்கிறது என்று கேட்டேன். ஒரு தராசு எந்நாளும் அரைக் கிலோ கூட்டிக் காட்டினாலும் எனக்குக் கேடில்லை. இன்று கூட்டி நாளை குறைத்தால்தான் கேடு.

ஒவ்வொன்றிலும் ஐந்து முறை ஏறி இறங்கினேன். பின்னர், வீட்டுக்கென வாங்கிப் பையில் வைத்திருந்த 400 கிராம் பால்மாப் பைக்கற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு முறை ஏறினேன். பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான்.

வில்தராசின் முள் 67.5க்கும் 69க்கும் இடையே அலைந்தது. குனிந்து பார்க்கும் கோணம் மாறினாலும் எண் மாறியது. பால்மாவை அது கண்டுகொள்ளவேயில்லை. கண்ணாடித் தராசு நான்கு முறை 70.2 என்றும் ஒரு முறை 70.3 என்றும் சொன்னது, பால்மாவோடு 70.6 என்றது. விலையுயர்ந்த மூன்றாவது தராசு ஐந்து முறையும் 69.5. என்னே நேர்மை என்று மகிழ்ந்தேன். பால்மாவோடு ஏறினேன். அப்போதும் 69.5! சில மின்னணுத் தராசுகள் முந்தைய எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, வேறுபாடு சிறிதாயின் பழைய எண்ணையே திருப்பிக் காட்டும் என்று படித்திருந்தேன். அதைக் கண்ணாலும் கண்டேன். பாடமாக்கி வந்து சொல்லும் சாட்சி அது.

அது கொழுப்பின் அளவையும் சொல்லியது. ஜப்பானின் தனிற்றா நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் இத்தகைய தராசை அறிமுகப்படுத்தியது. பாதங்களின் வழியே மிக மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, உடல் அதற்குக் காட்டும் தடையைக் கொண்டு கொழுப்பைக் கணக்கிடுவது அதன் முறை. நீருள்ள தசை மின்னைக் கடத்தும், கொழுப்பு தடுக்கும். உடலில் நீர் கூடிக் குறைந்தால் கணக்கும் பிசகும். நீர் தேங்குகிறதா என்று பார்க்கவேண்டிய என்னைப் போன்றவனுக்கு அந்த எண்ணால் என்ன பயன்? இருதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியோர் இவ்வகைத் தராசில் ஏறவே கூடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கண்ணாடித் தராசையே வாங்கினேன். அதன் நான்கு மூலைகளிலும் உள்ள உணரிகளில், சுமையால் உலோகம் நுண்ணளவில் வளைவதை மின்தடையின் மாற்றமாக அறியும் இழைகள் ஒட்டப்பட்டிருக்கும். 1938இல் அமெரிக்காவில் எட்வேட் சிமன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இருவர் ஒருவரையொருவர் அறியாமல் கண்டுபிடித்தவை அவை. அரைக் கண்பார்வைக்கும் தெரியும் பெரிய எண்கள், நூறு கிராம் வரை காட்டும் நுட்பம், கால் தடுமாறாத அகலமும் தாழ்வும் என்பனவும் நான் பார்த்தவை. வழுக்கும் ஈரத்தில் வைக்கக்கூடாது என்பதால், குளியலறைத் தராசு என்று பெயர் பெற்ற அது என் படுக்கையறைச் சீமெந்துத் தரையில் இருக்கிறது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் அன்பர்கள் கம்பள விரிப்பின் மேல் தராசை வைக்கவேண்டாம். மெத்தென்ற தளத்தில் அதன் சொல்லை நம்ப முடியாது.

இன்னொன்று. பிள்ளைகள் இலண்டனிலிருந்து அனுப்பிய தராசு கொழும்பில் சற்றுக் குறைவாகக் காட்டினால் வியப்படைய வேண்டாம். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கப் புவியீர்ப்பு சிறிது குறைகிறது. 1672இல் பிரெஞ்சு வானியலாளர் ஜோன் ரிஷே தென்னமெரிக்காவின் கயேன் நகருக்குக் கொண்டுபோன ஊசற் கடிகாரம், பாரிஸில் ஓடியதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்தியது இதனாலேயே. இலண்டனில் 70 கிலோ என்று ஒழுங்கு செய்யப்பட்ட தராசு, அதே மனிதனைக் கொழும்பில் 200 கிராமுக்குச் சற்று மேல் குறைத்துக் காட்டும். ஆள் மெலியவில்லை, ஊர்தான் மாறியிருக்கிறது.

அப்படியாயின், மாறாத கிலோ எங்கே இருக்கிறது? பாரிஸ் அருகே செவ்ரே என்னுமிடத்தில், 1889 முதல் ஒரு பிளாற்றினம்-இரிடியம் உருளையே உலகின் கிலோகிராமாக இருந்தது. நூறாண்டுகளின் பின் அதனையும் அதன் பிரதிகளையும் ஒப்பிட்டபோது, ஒரு கிராமின் இலட்சத்தில் ஐந்து பங்களவு வேறுபாடு தோன்றியிருந்தது. மாறியது மூலமா பிரதியா என்று தீர்ப்பளிக்க மேலே வேறு படிக்கல் இல்லை. ஆகவே 2019 மே 20ஆம் திகதி முதல் அந்த உருளை ஓய்வு பெற்றது. பிளாங்க் மாறிலி என்ற இயற்கை எண்ணைக் கொண்டு கிலோகிராம் வரையறுக்கப்படுகிறது. நாமோ இன்றும் 450 கிராம் பாணை ஒரு இறாத்தல் என்றுதான் கேட்டு வாங்குகிறோம்.

தராசு வாங்கிய நாள்முதல், காலையில் எழுந்து சலங்கழித்து, எதுவும் உண்ணும் முன், ஒரே வகைச் சாரத்துடன் ஏறி, ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதிவருகிறேன். ஆறாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை 70.1 என்று எழுதினேன். புதன் 70.9. வியாழன் 71.6. வெள்ளி 72.3. அந்த வாரத்தில் ஒரு கலியாண வீட்டில் ஊறுகாயும் அப்பளமும் கை தாராளமாக எடுத்தது என் பிழை. மூச்சில் ஒரு குறையும் தெரியவில்லை, கால்களும் வீங்கவில்லை. "ஒண்டும் இல்லைப்போலத்தானே இருக்கு" என்றேன். மனைவி கொப்பியை எடுத்து நான்கு எண்களையும் விரலால் தொட்டுக்கொண்டு போய், "கோடு மேலே போகுது. டொக்டருக்குப் போன் எடுங்கோ" என்றாள்.

வைத்தியர் நீர்மாத்திரையைக் கூட்டினார். அடுத்த வியாழனன்று 70.3 என்று எழுதினேன்.

அந்தத் தென்மராட்சிக் குழந்தை பிழைத்ததா என்பது எனக்குத் தெரியாது. செய்தியை அனுப்பிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டேன்; அன்று நான் குறித்துக்கொண்டது ஓர் எண்ணை மட்டுமே. இப்போது ஒவ்வொரு காலையும் கொப்பியைத் திறக்கும்போது, அன்றைய எண்ணை எழுதுமுன் நேற்றைய எண்ணை ஒருமுறை பார்க்கிறேன்.